கிரீன்வே இல்லத்தின் நூலக அறை: ஒரு முழுப் பிற்பகலை ஒதுக்கத் தகுந்த இடம்

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் பகுதியில், டார்ட் ஆற்றை நோக்கிய குன்றின்மேல் நிற்கும் கிரீன்வே இல்லத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் துப்பறியும் கதை எழுத்தாளர் அகதா கிறிஸ்டியின் பெயரைக் கேட்டே வருகிறார்கள். சென்ற கோடையில் நானும் என் மனைவியும் சென்றதும் அதற்காகத்தான். ஆனால் வீட்டைச் சுற்றிப் பார்த்து முடித்தபின் அவருடைய தட்டச்சுப் பொறியோ உடைகளோ என் மனத்தில் நிற்கவில்லை. தரைத்தளத்தில் இருக்கும் நூலக அறையும், அதன் சுவரில் கூரைக்குச் சற்றுக் கீழே அறையைச் சுற்றி ஓடும் ஓவியப் பட்டையும்தான் நின்றன. இந்த மதிப்புரையில் அந்த ஓர் அறையைப் பற்றி மட்டுமே விரிவாக எழுதப் போகிறேன். வீட்டின் மற்ற அறைகளைப் பற்றியும் தோட்டத்தைப் பற்றியும் எழுதியவர்கள் பலர் இருக்கிறார்கள். நூலக அறையை மட்டும் பலரும் இரண்டு நிமிடம் நின்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள் என்பதை அங்கேயே என் கண்ணால் கண்டேன். அது பெரிய இழப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் வீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த இடத்தில் பதினாறாம் நூற்றாண்டிலேயே கில்பர்ட் குடும்பத்தாரின் மாளிகை ஒன்று இருந்தது. கடலோடியான ஹம்ஃப்ரி கில்பர்ட் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இன்னொரு கடலோடியான வால்டர் ராலே அவருக்கு ஒரு தாய் வயிற்றுச் சகோதரர். இப்போது நாம் பார்க்கும் வெள்ளை வீடு பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. கிறிஸ்டி பிறந்து வளர்ந்த டார்க்கி நகரம் இங்கிருந்து சில மைல் தொலைவில்தான் இருக்கிறது. டார்ட் ஆற்றங்கரை வீடுகளில் இதைவிட அழகானது வேறில்லை என்று அவருடைய தாயார் சிறு வயதிலேயே அவரிடம் சொல்லியிருந்தாராம். 1938-இல் இந்த வீடு 33 ஏக்கர் நிலத்தோடு 6,000 பவுண்டுக்கு விற்பனைக்கு வந்தபோது, கணவரும் தொல்லியல் அறிஞருமான மேக்ஸ் மல்லோவன் ஊக்கம் கொடுக்க, அவர் வாங்கிவிட்டார். குடும்பம் நிலையாகக் குடியிருந்த வீடு வாலிங்ஃபோர்டில் இருந்தது. கிரீன்வே கோடைக்காலத்துக்கும் பண்டிகை நாட்களுக்குமான விடுமுறை இல்லம். இங்கே வந்தால் அவர் பெரும்பாலும் எழுத மாட்டார். எழுதி முடித்ததை இரவு உணவுக்குப்பின் வரவேற்பறையில் வீட்டாருக்குப் படித்துக் காட்டுவார், கொலையாளி யார் என்று அவர்கள் ஊகித்துச் சொல்லுவார்கள். வாங்கிய கையோடு கில்ஃபோர்டு பெல் என்ற ஆஸ்திரேலிய இளம் கட்டடக் கலைஞரின் சொல்லைக் கேட்டு, விக்டோரியா காலத்தில் வீட்டோடு ஒட்டவைத்துக் கட்டியிருந்த பில்லியர்ட்ஸ் அறை முதலிய பெரும் பகுதியை இடித்துத் தள்ளியதால், வீடு சிறிதாகவும் வெளிச்சமாகவும் மாறியது.

இந்த இடிப்பை நான் இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. பழையதை எல்லாம் அப்படியே காக்க வேண்டும் என்ற பிடிவாதம் இந்தக் குடும்பத்துக்கு இருக்கவில்லை. பிடிக்காததை அவர்கள் தயங்காமல் நீக்கினார்கள். ஆகவே நூலக அறையின் சுவரில் இன்று இருக்கும் ஓவியம், நீக்கும் வாய்ப்பு நன்றாக இருந்தும், வேண்டும் என்று எண்ணிப் பார்த்து வைத்துக்கொள்ளப்பட்டது.

வீடு வாங்கி ஓராண்டுக்குள் இரண்டாம் உலகப் போர் தொடங்கிவிட்டது. முதலில் லண்டனிலிருந்து பாதுகாப்புக்காக வெளியேற்றப்பட்ட சிறு குழந்தைகள் இங்கே தங்கவைக்கப்பட்டார்கள். பிறகு பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகம் வீட்டைக் கையகப்படுத்தி, அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் பத்தாம் கப்பல் அணியைச் சேர்ந்த அதிகாரிகளுக்குக் கொடுத்தது. கிறிஸ்டி அப்போது லண்டனில் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். மல்லோவன் வட ஆப்பிரிக்காவில் வான்படைப் பணியில் இருந்தார். சொந்தக்காரர்கள் ஒருவரும் இல்லாத வீட்டில், குடும்பத்தார் அமர்ந்து படிப்பதற்காக இருந்த நூலகம், முன்பின் அறியாத அதிகாரிகள் மாலையில் கூடிக் குடித்துப் பேசிப் பொழுது போக்கும் அறையாயிற்று.

அந்த மாதங்களில் டார்ட் ஆற்றுப் பகுதி எப்படி இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்துவிட்டு அறைக்குள் நுழைவது நல்லது. 1943 டிசம்பரில் தெற்கே ஸ்லாப்டன் கடற்கரையைச் சுற்றியிருந்த ஊர்களிலிருந்து ஏறத்தாழ 3,000 பேர், ஆடு மாடுகளோடும் பண்ட பாத்திரங்களோடும் சில வாரங்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். அந்தக் கடற்கரை, நேசப்படைகள் இறங்கவிருந்த பிரான்சின் நார்மண்டிக் கரையைப் போலவே இருந்ததால் தரையிறங்கும் ஒத்திகைக்கு அது தேவைப்பட்டது. 1944 ஏப்ரலில் நடந்த ஒத்திகை ஒன்றின்போது ஜெர்மானிய விரைவுப் படகுகள் தாக்கியதில் 700-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் உயிரிழந்தார்கள். நூலகத்தில் கூடிய அதிகாரிகளின் அணியில் இருந்தவை, தட்டையான அடிப்பாகம் கொண்டு நேரே கரையேறிக் காலாட்படையை இறக்கும் 48 மீட்டர் நீளக் கப்பல்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 வீரர்களைச் சுமக்கும். அப்படிப்பட்ட 24 கப்பல்கள் இந்த அணியில் இருந்தன. வட ஆப்பிரிக்கா, சிசிலி, இத்தாலியின் சலேர்னோ ஆகிய இடங்களைப் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் இங்கிலாந்துக்கு வந்திருந்தார்கள். அடுத்து எங்கே போகப் போகிறோம் என்பது அந்த அறையில் இருந்த எவருக்கும் ஓரளவு புரிந்தே இருந்திருக்க வேண்டும்.

அந்தக் காத்திருப்பின்போதுதான் மார்ஷல் லீ என்ற லெப்டினன்ட் இந்த ஓவியப் பட்டையை வரைந்தார். நீலமும் கருமையும் வெண்மையும் மட்டும் கலந்த அடக்கமான வண்ணங்களில், அவர்களுடைய அணி கடந்துவந்த வழி முழுவதும் சுவரின் மேற்பகுதியில் ஊர் ஊராகத் தொடர்கிறது. ஃபுளோரிடாவின் கீ வெஸ்டில் புறப்பட்டு, அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, மொராக்கோவையும் மத்தியதரைக் கடலின் போர்க்களங்களையும் தொட்டு, கடைசியில் இதே வீட்டுக்கு வந்து சேர்கிறது. கிரீன்வேயின் மரங்கள் உள்ளதைவிடச் சற்றுக் கூடுதல் அடர்த்தியோடும் அழகோடும் தீட்டப்பட்டிருக்கின்றன. அவற்றின் இடையே வெள்ளை வீடு தெரிகிறது. அதற்கும் அப்பால், முழுமையாகத் தீட்டி முடிக்கப்படாத நிலையில், ஆடையற்ற ஒரு பெண்ணுருவம். பயணம் முடிந்து போரும் முடிந்தபின் கிடைக்கப்போகும் சொர்க்கத்தைப் பற்றிய அந்த இளைஞர்களின் நம்பிக்கையாக அதைத் தாம் எப்போதும் எண்ணி வந்ததாகக் கிறிஸ்டி தம் வாழ்க்கை நினைவுகளில் எழுதியிருக்கிறார். கணப்படுப்பின் மேலே சர்ச்சில், ஸ்டாலின், ரூஸ்வெல்ட் ஆகியோரின் தலைகள் கோட்டுருவமாக வரையப்பட்டிருந்ததையும் அவர் குறிப்பிடுகிறார். அதை எழுதிய காலத்தில் ஓவியரின் பெயர் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நன்றாக இருக்குமே என்று ஏங்கியிருக்கிறார்.

ஓவியத் திறனைப் பொறுத்தவரை என் மதிப்பீட்டை மறைக்காமல் சொல்கிறேன். இது பெரும் ஓவியம் அல்ல. உருவங்கள் சில இடங்களில் செய்தித்தாள் கேலிச்சித்திரத்தை நினைவூட்டுகின்றன, தொலைவும் அளவும் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை. ஆயினும் கையில் கிடைத்த சில வண்ணங்களைக் கொண்டு, ஏணியிலோ மேசையிலோ ஏறி நின்றுகொண்டு, தம்முடைய நண்பர்கள் நிமிர்ந்து பார்த்தால் தாங்கள் எங்கிருந்து எங்கே வந்து சேர்ந்தோம் என்பது தெரிய வேண்டும் என்று ஒருவர் வரைந்திருக்கிறார். அந்த நோக்கம் முழுமையாக நிறைவேறியிருக்கிறது. அறையின் நடுவில் நின்று மெதுவாக ஒரு சுற்றுத் திரும்பினால் அவர்களுடைய போரின் கதையை நாமே வாசித்துவிட முடிகிறது. கடைசிக் காட்சியில் நாம் நிற்கும் வீடே தோன்றுவதால், அதை அடைந்தவுடன் என் பார்வை தானாகச் சன்னலுக்கு வெளியே இருக்கும் மரங்களின் பக்கம் திரும்பியது.

இந்த அணியினர் 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில் இறங்கினார்கள். ஒமாஹா என்று பெயரிடப்பட்ட கடற்கரையில் இந்த அணியின் 4 கப்பல்கள் அந்த ஒரே நாளில் அழிந்தன. ஓவியத்தில் அந்தக் காட்சி இல்லை. அது கிரீன்வேயோடு நின்றுவிடுகிறது. தீட்டி முடிக்காத அந்தப் பெண்ணுருவத்தை நான் இந்தத் தகவலை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இரண்டாம் முறை பார்த்தேன். முதல் முறை பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட இலேசான கூச்சம் இரண்டாம் முறை இல்லை.

போர் முடிந்து 1945-இல் வீடு குடும்பத்தார் கைக்குத் திரும்பியபோது, தோட்டம் காடாகிக் கிடந்தது. சமையலறைச் சுவர்களில் கரி படிந்திருந்தது. உக்கிராணத்தை ஒட்டிய நடையில் வரிசையாக 14 கழிப்பறைகள் கட்டப்பட்டிருந்தன. அவற்றை அகற்றித் தரும்படி கடற்படைத் தலைமையகத்தோடு கிறிஸ்டி நெடுநாள் வழக்காட வேண்டியிருந்தது. அதே வேளையில், தங்கியிருந்தவர்கள் வீட்டை அன்போடுதான் நடத்தினார்கள் என்பதையும் அவர் மறக்காமல் பதிவு செய்திருக்கிறார். நல்ல மகோகனிக் கதவுகளில் கீறல் விழாதபடி ஒட்டுப்பலகை அடித்துப் பாதுகாத்திருந்தார்கள். அவர்களில் பலர் லூசியானாவைச் சேர்ந்தவர்கள் என்பதால், தோட்டத்தில் இருந்த பெரிய மக்னோலியா மரங்களைக் கண்டதும் சொந்த ஊரில் இருப்பதுபோல் உணர்ந்தார்களாம். ஓவியத்தின்மேல் வண்ணம் பூசிச் சுவரைப் பழையபடி ஆக்கித் தரட்டுமா என்று அணியின் தலைமை அதிகாரி கடிதம் எழுதிக் கேட்டார். வேண்டாம், அது வரலாற்று நினைவுச் சின்னமாக இருக்கும், எனக்கு மகிழ்ச்சியே என்று கிறிஸ்டி உடனே பதில் எழுதிவிட்டார்.

கழிப்பறைகளுக்காக ஓயாமல் போராடியவர் ஓவியத்துக்காக ஒரு கணமும் தயங்கவில்லை. அந்த அறையைப் பற்றி நான் அறிந்த செய்திகளிலேயே எனக்கு மிகவும் உகந்தது இதுதான். நம் ஊரில் பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள். நாங்கள் பிள்ளைகளாக இருந்தபோது எங்கள் தாத்தா ஆண்டுதோறும் எங்களை நிலைப்படி ஓரத்துச் சுவரில் நிறுத்தி, உச்சந்தலைக்கு நேராகக் கரியால் ஒரு கோடு இழுத்து வைப்பார். அவர் காலமான ஆண்டுக்கு அடுத்த பொங்கலில், யாரும் யோசிக்காமலே, அந்தக் கோடுகள் சுண்ணாம்புக்கு அடியில் போய்விட்டன. சொந்தத் தாத்தாவின் கைக்கோடுகளையே காப்பாற்றத் தோன்றாத எனக்கு, முகம் தெரியாத ஓர் அந்நியர் தன் வீட்டுச் சுவரில் வரைந்ததைக் காப்பாற்றிய அந்தப் பெண்மணியின் மீது அங்கே நின்றபோது பெரும் மதிப்பு உண்டாயிற்று.

இதில் குடும்பத்தின் துயரமும் ஒன்று கலந்திருக்கிறது. கிறிஸ்டியின் ஒரே மகள் ரோசலிண்டின் கணவர் ஹியூபர்ட் பிரிச்சர்ட் 1944-இல் நார்மண்டிப் போரில் கொல்லப்பட்டார். அவர்களுடைய மகன் மேத்யூ அப்போது ஒரு வயதுகூட நிறையாத குழந்தை. எந்தக் கரையில் இறங்குவதற்காக அந்த அதிகாரிகள் இந்த அறையில் காத்திருந்தார்களோ, அந்தக் கரைக்கு அப்பாலிருந்த மண்ணிலேயே இந்த வீட்டு மருமகனும் விழுந்தார். ரோசலிண்ட் பிறகு அந்தோணி ஹிக்ஸ் என்பவரை மணந்து, 1960-களின் இறுதியிலிருந்து தம் இறுதிக் காலம் வரை கிரீன்வேயிலேயே வாழ்ந்தார். அத்தனை ஆண்டுகளும் அந்த ஓவியம் அவர் தலைக்கு மேலே இருந்தது. அதைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்று ஊகிக்க எனக்கு உரிமை இல்லை. அவரும் அதன்மேல் வண்ணம் பூசவில்லை என்பதை மட்டும் சுவர் காட்டுகிறது.

கிறிஸ்டி 1976-இல் மறைந்தார். 2000-ஆம் ஆண்டில் ரோசலிண்ட், அந்தோணி, மேத்யூ மூவருமாக வீட்டையும் தோட்டத்தையும் நேஷனல் டிரஸ்ட் என்ற மரபுக் காப்பு அறக்கட்டளைக்கு அளித்தார்கள். ரோசலிண்ட் 2004-இலும் அந்தோணி அடுத்த ஆண்டிலும் காலமான பின், ஏறத்தாழ 54 லட்சம் பவுண்டு செலவில் பழுது பார்க்கப்பட்ட வீடு 2009-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. குடும்பத்தார் 1950-களில் வாழ்ந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே காட்டுவது என்று அறக்கட்டளை முடிவெடுத்தது மிகச் சரியானது. அரண்மனைகளில் கயிறு கட்டி ஒரு நாற்காலியையும் ஒரு படத்தையும் வைத்துக் காட்டுவார்களே, அந்த முறை இங்கே இல்லை. இந்தக் குடும்பத்தில் எல்லாரும் எதையாவது சேர்த்துக்கொண்டே இருந்தவர்கள். மரத்துண்டுகள் பதித்த சிறு பெட்டிகள், பீங்கான், கைக்கடிகாரங்கள், வெள்ளிப் பொருள்கள் என்று ஒவ்வொரு தட்டும் நிறைந்து வழிகிறது. நூலகத்திலும் அலமாரிகளில் இருப்பவை குடும்பத்தார் கைபட்ட புத்தகங்கள்தான். விலையுயர்ந்த பதிப்புக்குப் பக்கத்திலேயே முதுகு நைந்துபோன சாதாரணப் புத்தகமும் நிற்கிறது. சாய்வு நாற்காலிகளைப் பார்த்தால் யாரோ சற்றுமுன் எழுந்து தேநீர் குடிக்கப் போனதுபோல் இருக்கிறது. போர்க்கால ஓவியத்துக்குக் கீழே இந்த அமைதியான விடுமுறை அறை இருப்பதுதான் அதன் சிறப்பு. ஓவியத்தை மட்டும் பெயர்த்துக்கொண்டுபோய் ஓர் அருங்காட்சியகத்தில் மாட்டியிருந்தால் நான் இவ்வளவு நேரம் நின்றிருக்க மாட்டேன்.

அறையில் பணியிலிருந்த தன்னார்வலர் முதிய பெண்மணி ஒருவர். நாங்கள் கேட்கும்வரை அவர் எதையும் சொல்லவில்லை. கேட்டபின் பொறுமையாக ஒவ்வொரு காட்சியையும் சுட்டிக்காட்டினார். எங்கிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெரியாமல் நடுவிலிருந்து பார்த்தால் கதை பிடிபடாது. பழைய வீடுகளில் வண்ணமும் நூல்களும் மங்காதபடி திரைகளை இறக்கி ஒளியைக் குறைத்தே வைத்திருப்பார்கள். உள்ளே வந்ததும் கண் பழகச் சில நிமிடம் ஆகும், ஆகையால் உடனே அண்ணாந்து பார்க்காமல் முதலில் அலமாரிகளைப் பார்த்துவிட்டுப் பிறகு ஓவியத்துக்கு வாருங்கள். பட்டை உயரத்தில் இருப்பதால் கழுத்து வலி உள்ளவர்கள் சிறிது சிறிதாகப் பார்ப்பது நல்லது. என் மனைவி பறவை பார்ப்பதற்காகக் கொண்டுவந்திருந்த சிறிய தொலைநோக்கி அங்கே பெரிதும் உதவியது.

போய்ச் சேரும் வழியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கிராமத்துச் சந்துகள் மிகக் குறுகியவை. 2023 ஆகஸ்டில் அந்த ஒற்றைப் பாதையில் மரம் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் சில மணி நேரம் வெளியேற முடியாமல் வீட்டிலேயே தேநீர் குடித்துப் பொழுது போக்கிய செய்தியைப் பலரும் படித்திருப்பீர்கள். காரில் செல்வதாயின் நிறுத்துமிடத்தை முன்பதிவு செய்துகொள்ள வேண்டும். நாங்கள் அமர்த்திய வாடகைக் கார் ஓட்டுநர் இது தெரியாமல் எங்களை ஊர் எல்லையிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டதால் அரை மணி நேரம் நடக்க நேர்ந்தது. பெய்ன்டனிலிருந்து நீராவி ரயிலில் வந்து கிரீன்வே நிறுத்தத்தில் இறங்கிக் காட்டுப்பாதையில் நடந்து வருவது ஒரு வழி. ஆற்றின் வழியே படகில் வருவதே எல்லாவற்றிலும் சிறந்தது என்பது என் கருத்து. ஓவியத்தின் கடைசிக் காட்சியில் இருப்பதுபோல் மரங்களுக்கு நடுவே வெள்ளை வீடு மெல்ல வெளிப்படுவதை அப்படித்தான் காண முடியும். படகுத்துறையிலிருந்து வீடு வரை ஏற்றம் சற்றுச் செங்குத்தானது. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்து வருகிறவர்கள் இதை மனத்தில் கொள்ளவும்.

கதைகளின் பரபரப்பை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இந்த வீடு அமைதியாகத் தோன்றலாம். சிறு குழந்தைகளுக்கு உள்ளே பார்ப்பதைவிட வெளியே தோட்டத்திலும் ஆற்றங்கரைப் படகு வீட்டிலும் ஓடி விளையாடுவது பிடிக்கும். போர்க்கால வரலாற்றிலும், ஒரு குடும்பம் தன் வீட்டோடு எப்படி வாழ்கிறது என்பதிலும் ஆர்வம் உள்ளவர்கள் தயங்காமல் செல்லுங்கள், நூலகத்துக்கு மட்டும் குறைந்தது முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். கூட்டம் குறைந்திருக்கும் பிற்பகல் மூன்று மணிக்குமேல் நாங்கள் இரண்டாம் முறை உள்ளே போனபோது அறையில் எங்களைத் தவிர ஒருவர்கூட இல்லை. அன்று நாங்கள் கண்ட மிகச் சிறந்த பொழுது அதுவே.

திரும்பும்போது படகுத்துறைக்கு இறங்கினோம். மறுகரையில் இருக்கும் டிட்டிஷம் கிராமத்துக்குச் செல்ல, துறையில் தொங்கும் மணியை அடித்தால் படகு வரும். என் மனைவி மணியை அடித்தார். படகு வந்து சேரும்வரை, மேலே மரங்களுக்கிடையே வீட்டின் வெள்ளைச் சுவர் எவ்வளவு தெரிகிறது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். லெப்டினன்ட் லீ வரைந்ததைவிடக் குறைவாகத்தான் தெரிந்தது.